148-க்கு அடுத்து 158

பிப்ரவரி 3

தங்கைக்கு,

பேசாமல் இருந்தது போதும் என்று இன்று காலை முடிவு செய்தேன். பதினோரு மாதம் ஆகிறது. உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். உன் மின்னஞ்சலைத் திறப்பதில்லை. அம்மா போனில் உன் பேச்சை எடுத்தால் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா விடவில்லை. "ஒரு கம்ப்யூட்டர் பொட்டிக்காகவாடா கூடப் பொறந்தவகிட்ட பேசாம இருக்க?" என்று கேட்டாள். அந்த வாக்கியம் அம்மாவுடையது இல்லை. கம்ப்யூட்டர் பொட்டி என்று சொல்கிற ஆள் நம் குடும்பத்தில் ஒருத்திதான். அதனால்தான் எழுதுகிறேன். போனில் என்றால் கத்திவிடுவேன்.

நடந்தது உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை.

அந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவைப் பதினாறு வருடம் பார்த்துக்கொண்டேன். நீ ஸ்கேன் படம் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டராக அங்கே சேர்ந்தபோது வரவேற்பில் "நீங்க சாரோட தங்கச்சியா?" என்று கேட்டார்கள். ஒரே வருடத்தில் அது "நீங்க டாக்டரம்மாவோட அண்ணனா?" என்று மாறியது. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. கொஞ்சம் இருந்தது.

போன மார்ச்சில் கண்ணில் அறுவை சிகிச்சை என்று ஒரு வாரம் விடுப்பில் இருந்தேன். எனக்கு உதவியாளனாக வந்து நான்கு மாதமே ஆகியிருந்த சுருட்டைத் தலைக்காரன், யாரையும் கேட்காமல், ஸ்கேன் படங்கள் இருக்கும் சர்வரோடு உங்கள் கணினிகளை இணைக்கும் அமைப்புகளை மாற்றினான். நாற்பது விநாடியில் திறந்த படம் ஆறு விநாடியில் திறந்தது. நான் திரும்பி வந்த முதல் நாள், இரண்டாம் மாடிக் கூட்ட அறையில், கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தேன். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் இப்போது படம் எப்படித் திறக்கிறது என்று உன்னைக் கேட்டார். நீ எழுந்து சொன்னாய்:

"மூணு வருஷமா எங்க அண்ணன்கிட்ட கேட்டுட்டே இருந்தேன் சார். 'அது அவ்வளவுதான்'னுவாரு. இவரு மத்தியானம் சாப்பிட்டுட்டு வர்றதுக்குள்ள முடிச்சுட்டாரு."

சிரித்தார்கள். யாரோ மேஜையைத் தட்டினார்கள். பணியிடத்தில் எட்டு வருடமாக என்னை 'சார்' என்று கூப்பிட்டவள் நீ. அன்றைக்கு மட்டும் 'எங்க அண்ணன்'. சார் என்று சொல்லிவிட்டு அதையே சொல்லியிருந்தால் ஒரு அதிகாரியைக் குறை சொன்னாய் என்று விட்டிருப்பேன்.

நான் வேலையை விட்டுப் போனது பெட்டிக்காக இல்லை என்பது அம்மாவுக்கும் தெரியட்டும். இப்போது ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் கணினி பார்க்கிறேன். இங்கே யாரும் எனக்குச் சொந்தம் இல்லை. நிம்மதியாக இருக்கிறேன்.

பதில் வேண்டாம். உறையின் பின்னால் முகவரி எழுதியிருப்பது கடிதம் திரும்பி வர வேண்டியிருந்தால் தபால்காரருக்கு உதவும் என்பதற்காக.

அண்ணன்


பிப்ரவரி 8

அண்ணா,

பதில் வேண்டாம் என்று எழுதிவிட்டு முகவரியை உறையின் பின்னால் ஒரு தடவையும் தாளின் தலையில் ஒரு தடவையும் எழுதியிருக்கிறாய். கதவு எண்ணுக்கு அடியில் கோடு வேறு. இரண்டு தபால்காரர்கள் வருவார்கள் என்று நினைத்தாயா?

கூட்டத்தில் நான் சொன்னது தப்பு. எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கக் கூடாது. இதைச் சொல்லத்தான் அன்றைக்குப் பதினோரு மணி டீக்கு உன் கப்பையும் வாங்கி வைத்துக்கொண்டு கேன்டீன் வாசலில் நின்றேன். நீ படியிறங்கி, என்னைப் பார்த்து, திரும்பிப் படியேறிப் போனாய். இரண்டு டீயையும் நானே குடித்தேன். மறுநாளும் நின்றேன். மூன்றாம் நாள் உன் மேஜையில் ஒரு பேனா மூடிதான் இருந்தது.

ஆனால் சொன்ன விஷயம் தப்பில்லை. ஒரு நாளைக்கு எழுபது ஸ்கேன். ஒவ்வொன்றும் திறக்க நாற்பது விநாடி. பழைய ஸ்கேனோடு ஒப்பிட வேண்டுமென்றால் இன்னொரு நாற்பது. மூன்று வருடம் தினமும் ஒரு மணி நேரம் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே பெஞ்சில் அறிக்கைக்காகக் காத்திருந்தவர்கள் நான் உள்ளே தூங்குகிறேன் என்று நினைத்தார்கள். உன்னிடம் வந்து கெஞ்சினால் என்ன சொன்னாய்? "அவ்வளவு அவசரம்னா நீயே வந்து வயரப் புடிச்சு இழு." சொன்னாயா இல்லையா? உனக்கு உன் மனவருத்தங்களின் பட்டியல் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சண்டை போட எழுதத் தொடங்கினேன், கை வரவில்லை. உனக்குச் சந்தோஷமான செய்தி ஒன்று இருக்கிறது. என் மேல் விசாரணை.

ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர். ஐம்பத்திரண்டு வயது. விடாத இருமல். டிசம்பர் 29 அன்று நெஞ்சு ஸ்கேன் எடுத்தார். நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருமல் போகவில்லை. ஜனவரி 24 அன்று வேறு இடத்தில் எடுத்துப் பார்த்தார்கள். வலது பக்கம் எட்டு மில்லிமீட்டரில் ஒரு கட்டி. எட்டு மில்லிமீட்டர் நான்கு வாரத்தில் முளைக்காது. ஒன்று, நான் கவனிக்காமல் விட்டேன். இல்லையென்றால் வேறு யாருடைய படத்தையோ பார்த்து இவருக்கு எழுதினேன். விசாரணைக் கமிட்டி முன்னால் இருப்பது இந்த இரண்டுதான். 28-ஆம் தேதி கூடுகிறது. அதுவரை நான் அறிக்கையில் கையெழுத்துப் போடலாம். இன்னொரு டாக்டர் அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு என்ன என்று தெரியாது. என் மருத்துவர் பதிவையே எடுத்துவிடலாம்.

அந்தப் படங்களை மறுபடி மறுபடி திறந்து ஒவ்வொன்றாக உருட்டிப் பார்க்கிறேன். கட்டி இல்லை. அண்ணா, எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் ஒரு ஸ்கேனை மூன்று தடவை பார்க்கிறேன். முடித்துவிட்டு எழுந்து போனவள் பாதி வழியில் திரும்பி வந்து நான்காவது தடவை திறக்கிறேன். என் கண்ணை நானே நம்பாமல் இந்த வேலையை எப்படிச் செய்வது?

உதவி கேட்டு எழுதவில்லை. நீ கேட்கும் முன்னால் சொல்லிவிடுகிறேன், படம் ஆறு விநாடியில்தான் திறக்கிறது.

உன் தங்கை


பிப்ரவரி 12

தங்கைக்கு,

இந்தக் கடிதம் உனக்காக இல்லை. ஒரு விஷயம் புரியாமல் கிடந்தால் என்னால் உட்கார முடியாது, அவ்வளவுதான். இதைத் தொழிற்சாலையில் எழுதுகிறேன். அட்டை வெட்டும் இயந்திரம் ஓடுகிறது, மேஜை அதிர்கிறது, என் எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். நான்கு தடவை எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்துவிட்டேன். இங்கே மேற்பார்வையாளர் "என்ன சார், பஸ்ஸ விட்டுட்ட மாதிரி நடக்குறீங்க?" என்று கேட்கிறார்.

மூன்று காரியம் செய்.

ஒன்று. ஓட்டுநருடைய ஸ்கேனில் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஒரு வரிசை எண் இருக்கும். ஒன்றிலிருந்து கடைசிவரை எண்ணை மட்டும் வாசி. படத்தைப் பார்க்காதே, எண்ணைப் பார். எங்காவது தாவுகிறதா?

இரண்டு. டிசம்பர் 29 அன்று அந்த ஸ்கேன் எத்தனை மணி, எத்தனை நிமிடத்துக்கு எடுக்கப்பட்டது?

மூன்று. எண் தாவினால், அதே நேரத்தில் வேறு நாட்களில் எடுத்த ஸ்கேன்களையும், பிறகு காலை நேர ஸ்கேன்களையும் அதே மாதிரி எண்ணிப் பார்.

தெரியும்வரை யாரிடமும் வாயைத் திறக்காதே. முக்கியமாகக் கண்காணிப்பாளரிடம். அவருக்கு ஒரு விஷயம் பாதி தெரிந்தால் மீதியை அவரே செய்துகொள்வார்.

டீயைப் பற்றி எழுதியிருந்தாய். நான் படியேறிப் போனது கண்ணுக்கு மருந்து விடும் நேரம் என்பதால்.

அண்ணன்


பிப்ரவரி 17

அண்ணா,

கண் மருந்தாம். சரி.

எண் தாவுகிறது. 148-க்கு அடுத்து 158. நடுவில் ஒன்பது படம் இல்லை. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் ஒரு மில்லிமீட்டர்தான். நெஞ்சில் ஒன்பது பத்து மில்லிமீட்டர் தாவினால் உருட்டிப் பார்க்கிறவருக்குத் தெரியாது. ஒரு இரத்தக் குழாய் கொஞ்சம் குதித்த மாதிரி இருக்கும், மூச்சு விட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு போவோம். நானும் அப்படித்தான் போயிருக்கிறேன். எட்டு மில்லிமீட்டர் கட்டி அந்த இடைவெளியில் முழுசாக ஒளிந்துகொள்ளும்.

நேரம், மதியம் ஒன்று இருபது.

ஒரு மணியிலிருந்து இரண்டு மணிக்குள் எடுத்த நாற்பது ஸ்கேனை எண்ணினேன். ஆறில் தாவல். சிலவற்றில் இரண்டு படம், ஒன்றில் பதினான்கு. காலையில் எடுத்ததில் அறுபதை எண்ணினேன். ஒன்றில்கூட இல்லை. எண்ணி முடித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் குருடி இல்லை. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம் இருந்தது. அந்த ஆறு பேரும் யார், அவர்களுக்கு என்ன எழுதிக் கொடுத்தேன் என்று அடுத்த நிமிடம் தோன்றிவிட்டது.

கண்காணிப்பாளரிடம் சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். ஆறு பேர் வீட்டில் இருக்கும்போது நான் எப்படி உன் கடிதத்துக்காகக் காத்திருப்பேன்? அவர் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"படம் காணோம்ங்கறீங்க. சரி. யாரு எடுத்தது?"

"யாரும் எடுக்கல சார். வந்து சேரவே இல்லன்னு நெனைக்கிறேன்."

"டிசம்பர்லருந்து அந்த ஃபைலத் திறந்தது உங்க லாகின் மட்டும்தான் டாக்டர். புகார் வந்தப்புறம் பதினேழு தடவ திறந்திருக்கீங்க. நான் கமிட்டிகிட்ட என்ன சொல்றது?"

சுருட்டையைக் கூப்பிட்டார். அவன் பாவம், வியர்த்துப்போய் நின்றான். "சர்வர் தன் வேலையெல்லாம் எழுதி வைக்கிற லாக்ல எரர் ஒண்ணுமே இல்ல சார். தொடச்சு வச்ச மாதிரி இருக்கு" என்றான். ஆக, போன வாரம்வரை கவனக்குறைவு. இந்த வாரம் சாட்சியத்தை அழித்தேன். உன் யோசனைக்கு நன்றி.

இதைக் கிண்டலாக எழுதிவிட்டேன், ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. நேரத்தை ஏன் கேட்டாய்? உனக்கு எதுவோ தெரியும். தெரிந்ததைத் தபாலில் அனுப்பாதே, மூன்று நாள் ஆகிறது. என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாயே, அதை எடு.

உன் தங்கை


பிப்ரவரி 22

அண்ணா,

பதினோரு மாதத்துக்குப் பிறகு போன் செய்துவிட்டு ஒருவர் இப்படியா பேசுவார்? "ஸ்கேனர்லயே ரெண்டு மாசப் படம் இருக்கும். எடம் நெறஞ்சா பழசத் தானா அழிச்சிரும். இப்பவே போய் அந்த ஆளோட படத்த அழியாம பூட்டி வைக்கச் சொல்லு." அவ்வளவுதான். நான் "அண்ணா" என்பதற்குள் வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டால், மறுபடி தடுத்து வைத்திருக்கிறாய்! உன்னை என்ன செய்வது?

ஓடினேன். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். ஸ்கேன் அறையில் டெக்னீஷியன் அக்கா ஒரு நோயாளியை மேஜையில் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். "டாக்டர், காலு..." என்று என் வெறுங்காலைக் காட்டினாள். நான் பெயரைச் சொன்னேன். அவள் பட்டியலை இறக்கிக்கொண்டே போனாள். ஜனவரி போயிற்று, டிசம்பர் கடைசி வந்தது. பட்டியலின் அடியில் டிசம்பர் 27. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் தாமதித்திருந்தால் ஓட்டுநரின் படமும் அழிந்து போயிருக்கும். அக்கா அதைப் பூட்டி வைத்தாள். பிறகு 149-ஐத் திறந்தாள்.

ஒன்பதும் இருந்தன. 151-லிருந்து 157 வரைக்கும் கட்டி. வெள்ளையாக, உருண்டையாக, எந்த மாணவனும் கண்டுபிடிப்பான். "இது உங்ககிட்ட வரவே இல்லியா டாக்டர்?" என்று அக்கா கேட்டாள். "வந்துச்சுன்னு எங்க மெஷின்ல டிக் போட்டிருக்கே."

ஓட்டுநருக்கு அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. பரவவில்லை என்கிறார்கள். நேற்று அவரைப் போய்ப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "எம் பஸ்ஸுல நாப்பது பிள்ளைங்கம்மா. எறங்கும்போது தலைய எண்ணித்தான் விடுவேன். நீங்க எண்ண மாட்டீங்களா?" என்றார்.

கமிட்டியிடம் ஒன்பது படத்தையும் கொடுத்துவிட்டேன். கண்காணிப்பாளர் இறங்கி வரவில்லை. "படம் ஸ்கேனர்ல இருந்துச்சு, சர்வர்ல இல்ல. நடுவுல தொலஞ்சுச்சா, அப்புறம் அழிச்சாங்களான்னு எப்படித் தெரியும்? உங்க அண்ணன் சொல்றார்னா, அவரு உங்க அண்ணன்" என்கிறார். பழைய அமைப்புக்கே எல்லாவற்றையும் திருப்பச் சொல்லிவிட்டார். மறுபடியும் நாற்பது விநாடி. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

சுருட்டையிடம் தனியாகப் பேசினேன். அழுதுவிட்டான். அவன் கெட்டவன் இல்லை அண்ணா. "நான் வேகத்த மட்டும்தான் பாத்தேன் டாக்டர். எது எதுக்காக வச்சிருக்காருன்னு எனக்கு யாரு சொன்னா?" என்று தன் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். நீ போகும்போது அவனுக்கு எழுதிக் கொடுத்த பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு. பதினாறு வருடத்துக்கு நான்கு வரி. கடவுச்சொற்கள் இருக்கும் உறை எங்கே, சர்வர் அறைச் சாவி எங்கே, டிஸ்க் நிறுவனத்தின் தொலைபேசி எண், ஏசி ரிமோட்டுக்கு எந்த அளவு பேட்டரி.

ராஜினாமா கொடுத்த நாளும் மறுநாளும் நீ வேலையில் இருந்தாய். அந்த இரண்டு நாளில் அவன் மாற்றியதைத் திறந்து பார்த்தாயா? உனக்கு என்னை விட அதைத்தான் பார்க்கத் தோன்றியிருக்கும். ஸ்கேன் எடுத்த நேரத்தை நீ கேட்டது குருட்டாம்போக்கில் இல்லை.

ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுது. இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கே உனக்குக் கிடைக்கும்.

உன் தங்கை


பிப்ரவரி 24

தங்கைக்கு,

ஆமாம்.

பார்த்தேன். கடைசி நாள், மதியம் மூன்று மணிக்கு. இதை எழுத நேற்றிலிருந்து அறைக்குள் நடக்கிறேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து "சார், ஏதாச்சும் தொலஞ்சு போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இன்று எழுதி இன்றே தபாலில் சேர்க்க வேண்டும், 28-க்குள் உன் கைக்கு வர வேண்டும். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

வேறு அறையில் இருக்கும் சர்வரின் டிஸ்க்கை, நம் கணினியின் சொந்த டிஸ்க் போலக் காட்டும்படி இணைப்பதை மவுண்ட் என்போம். அந்த இணைப்பு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை ஒரே ஒரு வரியில் எழுதி வைப்போம். ஒரு நேரத்தில் எவ்வளவு அள்ள வேண்டும், எதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், சர்வர் பதில் சொல்லாவிட்டால் என்ன செய்ய வேண்டும், எல்லாம் அந்த வரியில்தான். சுருட்டை அதை மாற்றினான். உன் போன்ற டாக்டர்களின் எட்டுக் கணினிக்கு ஒரு நல்ல வரியை எழுதினான். பிறகு அதையே ஒன்பதாவது கணினிக்கும் நகல் எடுத்து ஒட்டினான். அந்த ஒன்பதாவது கணினிதான் ஸ்கேனரிலிருந்து படத்தை வாங்கிச் சர்வரில் எழுதுகிறது.

அந்த வரியில் 'சாஃப்ட்' என்று ஒரு சொல் இருக்கிறது. சர்வர் பதில் சொல்லாவிட்டால் அரை விநாடி பார், இன்னொரு தடவை கேள், பிறகு விட்டுவிடு என்று அர்த்தம். படிக்கிற கணினியில் அதனால் கெடுதல் இல்லை; படம் திறக்காது, நீ திட்டிவிட்டு மறுபடி திறப்பாய். எழுதுகிற கணினி விட்டுவிட்டால் அந்தப் படம் போனது போனதுதான். படத்தை வாங்கும் மென்பொருள் எழுதி முடிந்ததா என்று திரும்பிப் பார்க்காது. வாங்கிய உடனே ஸ்கேனருக்கு 'வந்துவிட்டது' என்று சொல்லிவிடும். அக்கா பார்த்த டிக் அதுதான். நான் அங்கே 'ஹார்ட்' என்று வைத்திருந்தேன். பதில் வரும்வரை, அரை நாள் ஆனாலும், அந்த இடத்திலேயே நில் என்று அர்த்தம்.

சர்வர் ஏன் பதில் சொல்லவில்லை? மதியம் ஒரு மணிக்குப் பேக்கப், அதாவது எல்லாப் படத்துக்கும் நகல் எடுக்கும் வேலை, ஓடுகிறது. அந்த ஒரு மணி நேரம் சர்வர் திணறும், சில சமயம் மூன்று விநாடிகூட வாயைத் திறக்காது. ஸ்கேன் குறைவாக இருக்கும் நேரம் என்று அந்த ஒரு மணியை வைத்தது நான். என் அமைப்பில் அது ஒரு தாமதம் மட்டும், யாருக்கும் தெரியாது. சுருட்டைக்கு அது தெரியாது. நான் சொன்னால்தானே தெரியும்?

'சாஃப்ட்' என்ற சொல்லை ஒன்பதாவது கணினியில் பார்த்தேன். மணியைப் பார்த்தேன். ஒரு நாள் இல்லை ஒரு நாள் மதியத்தில் இவன் மாட்டுவான் என்று எனக்குத் தெரிந்தது. அப்போது உன் வாக்கியம் காதில் கேட்டது, மேஜையைத் தட்டிய சத்தமும் கேட்டது. சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடித்தவன், சாப்பாட்டு நேரத்தில் ஓடுவதையும் அவனே கண்டுபிடிக்கட்டும் என்று திரையை மூடினேன். பேட்டரி அளவை எழுதினேன். ஏதோ ஒரு கோப்பு திறக்காது, கூட்டத்தில் அவன் முழிப்பான், யாராவது என்னைத் தேடுவார்கள். இதுதான் நான் நினைத்துப் பார்த்தது. சத்தமில்லாமல் நடுவில் ஒன்பது படம் போகும் என்று யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும். அந்த மருத்துவமனையில் அதை யோசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இது சொல்லத்தான் அதிகம் கசக்கிறது. வேகத்தில் அவன் செய்தது சரி. ஒரு நேரத்தில் முப்பத்திரண்டு கிலோபைட் மட்டும் அள்ளும்படி நான் வைத்திருந்தேன். கணினிகளைச் சர்வரோடு இணைக்கும் பழைய ஸ்விட்ச் பெட்டி பெரிய அளவைத் தாங்காமல் தவறவிடும் என்பதால் வைத்தது. அந்த ஸ்விட்சை மாற்றியதும் நானே, நீ கெஞ்ச ஆரம்பிப்பதற்கும் ஒரு வருடம் முன்னால். வரியை மட்டும் மாற்றவில்லை. ஒவ்வொரு படத்தையும் திறக்கும்போது 'இது மாறியிருக்கிறதா?' என்று சர்வரைக் கேட்கவும் வைத்திருந்தேன். எடுத்த ஸ்கேன் மாறவே மாறாது. நானூறு படத்துக்கு நானூறு வீண் கேள்வி. உன் நாற்பது விநாடியில் முப்பத்துநான்கு என்னுடையது. நீ வந்து கேட்ட முதல் நாளே நான் அந்த வரியைத் திறந்து பார்த்திருந்தால் கூட்டமே நடந்திருக்காது. நீ கேட்டது எனக்கு உத்தரவு போலக் கேட்டது. அதனால் திறக்கவில்லை.

அதனால் பழைய அமைப்புக்குத் திரும்பாதீர்கள். எட்டுக் கணினியை அவன் வைத்தபடியே விடுங்கள். ஒன்பதாவதில் மட்டும் 'சாஃப்ட்' என்பதை 'ஹார்ட்' ஆக்கி, டிஸ்க்கில் விழுந்த பிறகே எழுதியதாகக் கணக்கு வைக்கச் சொன்னால் போதும். உனக்கு ஆறு விநாடி ஆறு விநாடியாகவே இருக்கும். சுருட்டை சர்வரின் லாகைப் பார்த்தான். அங்கே இருக்காது, கேட்காத கேள்வி அதற்கு எப்படித் தெரியும்? ஒன்பதாவது கணினியின் சொந்த லாகைத் திறக்கச் சொல். 'சர்வர் பதிலளிக்கவில்லை, நேரம் கடந்தது' என்ற வரி தேதியோடும் நிமிடத்தோடும் கிடக்கும். டிசம்பர் 29, ஒன்று இருபதுக்கு இருக்கும். உன் லாகினுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். நான் உன் அண்ணன் என்பதால் நம்ப வேண்டியதில்லை, பத்து நிமிடத்தில் அவர்களே பார்க்கலாம்.

அந்த லாக் வருடம் முழுவதற்கும் இருக்கும், நான்தான் அப்படி வைத்தேன். எந்தெந்த நாள், யார் யாருடைய படம் என்று அதிலிருந்து பெயர்ப் பட்டியல் எடுக்க முடியும். எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. எல்லாரையும் திரும்பக் கூப்பிட வேண்டும். பட்டியல் எடுப்பது சுருட்டைக்குத் தனியாகக் கஷ்டம். கூப்பிட்டால் அன்றைக்கே கிளம்பி வந்து அவன் பக்கத்தில் உட்காருவேன். உன் எண்ணைத் திறந்துவிட்டேன், இந்தத் தடவை மூட மாட்டேன்.

இதோடு இன்னொரு உறை இருக்கிறது. கமிட்டிக்கு. மேலே சொன்னதெல்லாம் அதில் இருக்கிறது, மதியம் மூன்று மணிக்குத் திரையை மூடியது உட்பட. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதில் முழுப் பெயரும் பழைய பணியாளர் எண்ணும் போட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டிருக்கிறேன். அதைக் கொடுத்தால் எனக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டு வைத்திருக்காதே.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கூட்டத்தில் நீ சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது. அது பாட்டுக்கு அது இருக்கட்டும். நான் செய்தது வேறு. ஓட்டுநர் உன்னிடம் கேட்ட கேள்வி உன்னுடையது இல்லை, என்னுடையது. எண்ணிப் பார்க்க வேண்டியவன் நான், எண்ணாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனேன்.

இந்தக் கடிதத்தின் அடியில் வழக்கமாக எழுதும் உறவுச் சொல்லை எழுதப் பேனாவைக் கொண்டுபோனேன். அதை எழுதினால் நீ இரக்கப்படுவாய். இரக்கப்பட்டு அந்த உறையை மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். தபால் எடுக்கும் வண்டி நாலரைக்கு வருகிறது. அடியில் ஒன்றும் எழுதாமல் இப்படியே போடுகிறேன்.